நிலாவுக்குப் பட்டா யார் பெயரில்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. மூன்று நாள் கழித்து இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்று பெயரும் வைத்தார்கள். அப்போது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கை மகன் ஒரு கேள்வி போட்டான். "மாமா, அப்போ அந்த இடம் இனிமே நம்ம நாட்டுக்குச் சொந்தம்தானே?" இல்லை என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். "ஏன் மாமா? அந்தப் பக்கம் நாமதானே முதல்ல இறங்கினோம்?" என்றான். நியாயமான கேள்வி. அதற்குக் கட்டைவிரலால் பதில் எழுத முடியாது என்று அப்போது விட்டுவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பத்துச் சொச்சம் வருஷம் வரலாறு நடத்தியவனிடம் 'ஏன்' என்று கேட்டால் இப்படித்தான் ஆகும்.

முதலில் நிலத்திலிருந்தே தொடங்குவோம். நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவார்கள். கிழக்கே இன்னாருடைய நஞ்சை, மேற்கே வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னாருடைய தோப்பு. மேலே எதுவரை என்று எந்தப் பத்திரத்திலும் இருக்காது. எழுதத் தேவையும் இருந்ததில்லை. ஐரோப்பாவில் ரோமானியச் சட்டத்துக்கு உரை எழுதிய இடைக்காலப் பண்டிதர்கள் மட்டும் இதற்கு ஒரு விதி சொல்லிவைத்தார்கள். நிலம் யாருடையதோ, அதற்கு மேலே வானம் வரைக்கும் அவனுடையது என்பது அந்த விதி. பக்கத்து வீட்டு மரக்கிளை நம் கூரைமேல் நீண்டால் என்ன செய்வது என்பது போன்ற சண்டைகளுக்கு அது உதவியது. அதற்கும் மேலே அண்ணாந்து பார்த்து யாரும் வழக்குப் போடவில்லை.

1783இல் பாரிசில் மாண்ட்கோல்ஃபியே சகோதரர்களின் பலூனில் மனிதர்கள் பறந்தார்கள். மறுவருஷமே, அனுமதி இல்லாமல் பலூன் விடக்கூடாது என்று பாரிஸ் காவல்துறை உத்தரவு போட்டது. மனிதன் பறந்தான், பின்னாலேயே லைசென்சும் பறந்தது. பிறகு விமானம் வந்தது, முதல் உலகப்போர் வந்தது, மேலேயிருந்து குண்டு விழுந்தது. அதன் பிறகு 'வானம் எல்லோருக்கும் பொது' என்று சொல்ல எந்த நாட்டுக்கும் மனம் வரவில்லை. 1919ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையும் 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையும் இதைச் சட்டமாக்கின. ஒரு நாட்டின் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் அந்த நாட்டுக்கே முழுமையான, தனியான இறையாண்மை. இன்றைக்கும் ஒரு பயணிகள் விமானம் இன்னொரு நாட்டுக்கு மேலே பறக்க வேண்டுமென்றால் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும்.

ஆனால் மேலே எவ்வளவு உயரம் வரை? சிகாகோவிலும் அதை எழுதவில்லை. ஐந்தாவது எல்லை அங்கேயும் விடுபட்டுப் போயிற்று.

அதைப் பற்றி முன்கூட்டியே யோசித்த ஒரு மனிதர் இருந்தார். செக்கோஸ்லோவாகியாவில் பில்சன் நகரத்து வழக்கறிஞர் விளாதிமீர் மாண்டல். விமானம் ஓட்டவும் தெரிந்தவர். 1932இல் விண்வெளிச் சட்டம் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அந்தத் துறையில் வெளிவந்த முதல் தனி நூல் அதுதான் என்கிறார்கள். ராக்கெட் என்பது பெரும்பாலும் வாணவேடிக்கைச் சாமானாக இருந்த காலம் அது. வான்வெளிச் சட்டத்தை அப்படியே மேலே நீட்டிக்கொண்டு போக முடியாது, ஒரு நாட்டின் அதிகாரம் ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்கு மேலே உள்ளது எல்லோருக்கும் திறந்த வெளி என்று அவர் எழுதினார். ஸ்புட்னிக் பறந்ததை அவர் பார்க்கவில்லை. காசநோயால் 1941இல் இறந்துபோனார்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், விண்வெளிச் சட்டத்தின் முதல் விதி எந்த மாநாட்டிலும் பிறக்கவில்லை. 1957 அக்டோபர் 4 அன்று எல்லா நாடுகளும் வாய்மூடி இருந்ததில் பிறந்தது.

அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை, எடை 83.6 கிலோ, நான்கு ஆன்டெனா. 96 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 65 பாகை சாய்ந்திருந்ததால், மனிதர்கள் குடியிருக்கும் நாடுகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் மேலே அது போய்வந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரு சோவியத் விமானம் அமெரிக்காவுக்கு மேலே அப்படிப் பறந்திருந்தால் சுட்டு வீழ்த்தியிருப்பார்கள். ஸ்புட்னிக் ஒரு நாளில் பல தடவை அமெரிக்காவுக்கு மேலே போயிற்று. அமெரிக்கா ஆட்சேபிக்கவில்லை. பிரிட்டன் ஆட்சேபிக்கவில்லை. நாமும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு நாடுகூட 'என் எல்லைக்குள் ஏன் வந்தாய்' என்று கடிதம் எழுதவில்லை.

சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்ற அறிவியல் கூட்டு முயற்சியின் பகுதியாக ஏவியது அதற்கு ஒரு காரணம். தடுக்க யாரிடமும் வழி இல்லாதது இன்னொரு காரணம். ஆனால் அமெரிக்காவின் மௌனத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது.

1955 ஜூலையில் ஜெனீவாவில் ஐசனோவர் ஒரு யோசனை சொன்னார். இரு நாடுகளும் ஒன்றையொன்று வானிலிருந்து படம் எடுத்துக்கொள்ளட்டும், சந்தேகம் தீரும் என்றார். சோவியத் தரப்பு அதை ஒற்றறியும் தந்திரம் என்று தள்ளிவிட்டது. 1956 முதல் அமெரிக்கா யு-2 விமானங்களை மிக உயரத்தில் ரகசியமாக அனுப்பிப் படம் எடுத்தது. அது அப்பட்டமான சட்டமீறல், அவர்களுக்கே தெரியும். உளவுச் செயற்கைக்கோள் ஒன்று செய்யவும் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அது சோவியத் நாட்டுக்கு மேலே போனால் மாஸ்கோ என்ன சொல்லும் என்பதுதான் பயம். ஸ்புட்னிக் பறந்த நான்காம் நாள், அக்டோபர் 8, வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் டொனால்ட் குவார்ல்ஸ் ஐசனோவரிடம் சொன்னது குறிப்பில் பதிவாகியிருக்கிறது. விண்வெளியில் சுதந்திரமாகப் போகலாம் என்ற கொள்கையை நிலைநாட்டி, ரஷ்யர்கள் தங்களையறியாமல் நமக்கு நல்லதே செய்துவிட்டார்கள் என்பது அதன் சாரம்.

வெளியே நாடே தோற்றுவிட்ட மாதிரி அமெரிக்கப் பத்திரிகைகள் புலம்பிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு அறையில் இப்படி ஒரு ஆறுதல். இந்தக் குறிப்பைப் படித்த அன்று, இதைப் பாடப்புத்தகத்தில் ஏன் போடுவதில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம் வந்தது.

1960 மே 1 அன்று சோவியத் ஏவுகணை ஒரு யு-2வை வீழ்த்தியது. விமானி கேரி பவர்ஸ் பிடிபட்டார். பெரிய ரகளை ஆயிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் ஒன்று எடுத்த படச்சுருள் முதல்முறையாகப் பத்திரமாகக் கைக்கு வந்தது. சில மாத இடைவெளிதான். அதே ஊர், அதே படம் எடுக்கும் வேலை. 20 கி.மீ. உயரத்தில் குற்றம், 200 கி.மீ. உயரத்தில் குற்றமில்லை. மௌனத்துக்கு இவ்வளவு விலை உண்டு.

சோவியத் ஒன்றியம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 1962இல் ஐ.நா.வில் கொடுத்த வரைவில், செயற்கைக்கோளால் உளவு பார்ப்பதைத் தடைசெய்ய வேண்டும் என்று எழுதியது. 1963இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. இடையில் என்ன நடந்தது? 1962 ஏப்ரலில் அவர்களுடைய சொந்த உளவுச் செயற்கைக்கோளே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பிற்பாடு இதைச் சட்டமொழியில் சொல்ல ஒரு விவாதம் நடந்தது. பொதுவாக நாடுகளின் வழக்கம் சட்டமாக ஊறிவரப் பல தலைமுறை ஆகும். இங்கே சில வருஷத்திலேயே ஆகிவிட்டதே, இது எப்படி? லண்டன் பேராசிரியர் பின் செங் 1965இல் ஒரு கட்டுரையில் 'உடனடி' வழக்காற்றுச் சட்டம் என்று இதற்குப் பெயர் வைத்தார். உடனடி காபி மாதிரி. உலகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் அந்தக் கட்டுரை வெளிவந்தது நம் நாட்டில், இந்தியப் பன்னாட்டுச் சட்ட இதழில்.

சரி, ஐ.நா.வுக்கு வருவோம். 1958 டிசம்பரில் பொதுச்சபை 18 நாடுகள் கொண்ட ஒரு தற்காலிகக் குழுவை அமைத்தது. குழுவில் மேற்கத்திய ஆட்கள்தான் அதிகம் என்று சோவியத் ஒன்றியமும் போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் வர மறுத்தன. செயற்கைக்கோள் விட்ட முதல் நாடே இல்லாத குழுவில் உட்கார்ந்து என்ன பயன் என்று இந்தியாவும் ஐக்கிய அரபுக் குடியரசும் விலகி நின்றன. 13 நாடுகள் மட்டும் கூடின. நேரு காலத்து வெளியுறவுக் கொள்கையை 'இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்த்தது' என்று கேலி பேசுவோர் உண்டு. இந்த விஷயத்தில் அது சரியான முடிவு என்பது என் கருத்து. மணமகன் இல்லாமல் தாலி கட்ட முடியாது. 1959 டிசம்பரில் 24 நாடுகளோடு நிரந்தரக் குழு அமைந்தது. அதிலும் தகராறு நீடித்து, 1961 நவம்பரில்தான் முதல் கூட்டம் கூடியது. வாக்கெடுப்பு வேண்டாம், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவோம் என்று 1962இல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பொழுது சாயும் வரை பேசித் தீர்ப்பது போலத்தான். மெதுவாகத்தான் நகரும். ஆனால் நகர்ந்தது திரும்பப் பின்னால் போகாது.

1961 டிசம்பர் 20 அன்று பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது. விண்வெளியும் விண்பொருள்களும் எல்லா நாடுகளும் ஆராயத் திறந்தவை, எந்த நாடும் அவற்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. தங்கை மகன் கேட்ட கேள்விக்கான பதில் முதலில் எழுத்தில் வந்தது அங்கேதான். அப்போது நிலவில் எந்த மனிதனும் கால் வைத்திருக்கவில்லை.

இந்தக் குழுவின் சட்ட உபகுழுவுக்குத் தலைவராக 1962இல் வந்தவர் மான்ஃப்ரெட் லாக்ஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். போலந்து நாட்டு யூதர். 1914இல் ஸ்தானிஸ்வாவூஃப் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. எல்லைக்கோடுகள் மனிதர்களை என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் லண்டனில் இருந்ததால் பிழைத்தார். போலந்தில் இருந்த அவர் குடும்பத்தை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அப்படிப்பட்டவர்தான் அமெரிக்கரும் சோவியத்தும் மேசைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தபோது நடுவில் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கவைத்தார். 1967இல் உலக நீதிமன்ற நீதிபதியாகப் போனார், பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். 1969இல் வடகடல் வழக்கில் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், முதல் செயற்கைக்கோள்கள் அனுமதி கேட்காமல் நாடுகளுக்கு மேலே போனதையும் யாரும் எதிர்க்காததையும் சுட்டிக்காட்டி, அப்படித்தான் விண்வெளிச் சுதந்திரம் இவ்வளவு குறுகிய காலத்தில் சட்டமாயிற்று என்று எழுதினார். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இன்று அவர் பெயரில் உலக அளவில் விண்வெளிச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டி நடக்கிறது. நம் பிள்ளைகளில் சட்டம் படிப்பவர்கள் கவனிக்கவும்.

லாக்ஸ் தலைமையில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே மேலே சில கூத்துகள் நடந்தன. அவைதான் எல்லோருக்கும் அவசரத்தை உண்டாக்கின.

1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாடன் அணுகுண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. ஏறத்தாழ 1,400 கி.மீ. தள்ளியிருந்த ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பால் உண்டான கதிர்வீச்சுப் பட்டையில் சிக்கிப் பல செயற்கைக்கோள்கள் கெட்டன. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளும் அதில் அடக்கம். மறுநாளே ஏவப்பட்ட டெல்ஸ்டார் என்ற அமெரிக்கத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளும் அதனால் சில மாதங்களில் செத்தது. தன் வீட்டுக் கிணற்றிலேயே விஷம் கலந்த கதை.

இன்னொன்று, செப்பு ஊசிகள். கடலடி கேபிளை எதிரி அறுத்துவிட்டால் ரேடியோ அலைகளை எதிரொலிக்க ஒரு செயற்கை வளையம் வேண்டுமென்று, 1.78 சென்டிமீட்டர் நீளமுள்ள, தலைமுடியைவிட மெல்லிய 48 கோடி ஊசிகளை அமெரிக்கா 1963 மே மாதம் பூமியைச் சுற்றித் தூவியது. அதற்கு முன்பிருந்தே பிரிட்டிஷ் வானியலாளர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான வானத்தில் குப்பை கொட்ட நீங்கள் யார் என்று கேட்டார்கள். பிறருக்குத் தீங்கு வரக்கூடிய சோதனை என்றால் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவில் வந்ததற்கு இந்த ஊசிகள் ஒரு முக்கியக் காரணம்.

1962 செப்டம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தில் மானிடோவாக் என்ற சிற்றூரின் தெரு நடுவில் சுமார் 9 கிலோ இரும்புத்துண்டு ஒன்று தாரில் புதைந்து கிடந்தது. ரோந்து போலீசார் முதலில் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவு என்று நினைத்தார்களாம். பார்த்தால் சோவியத் விண்கலத்தின் மிச்சம். அமெரிக்கா அதை ஐ.நா. கூட்டத்துக்கே எடுத்துக்கொண்டு போய்க் காட்டியது. யார் தலையிலாவது விழுந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பது அதுவரை வெறும் ஏட்டுக்கேள்வி. அன்று அது மேசைமேல் வந்து உட்கார்ந்தது.

1963இல் வரிசையாகக் காரியங்கள் நடந்தன. ஆகஸ்டில் மாஸ்கோவில் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம். அக்டோபரில் பேரழிவு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைக்கக்கூடாது என்ற தீர்மானம். டிசம்பர் 13 அன்று விண்வெளிச் சட்டக் கோட்பாடுகளின் பிரகடனம். அதே வருஷம் நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பியதை எல்லோரும் அறிவோம். அந்தத் தளம் ஐ.நா.வின் இந்த விண்வெளிக் குழு ஆதரித்த திட்டங்களில் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. காந்தப் புவிநடுக்கோட்டருகே எல்லா நாட்டு விஞ்ஞானிகளும் பயன்படுத்த ஒரு ஏவுதளம் வேண்டும் என்பது யோசனை. 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி அதை ஐ.நா.வுக்கு முறைப்படி அர்ப்பணித்தார்.

பிரகடனத்தை ஒப்பந்தமாக்க 1966 ஜூனில் இரண்டு வல்லரசுகளும் தனித்தனி வரைவு கொடுத்தன. டிசம்பரில் முடிந்துவிட்டது. ஆறே மாதம்! ஏன் இவ்வளவு வேகம்? 1966 பிப்ரவரியில் சோவியத் லூனா-9 நிலவில் மெதுவாக இறங்கியது. ஜூனில் அமெரிக்காவின் சர்வேயர்-1 இறங்கியது. மனிதனை முதலில் இறக்கப்போவது யார் என்று யாருக்கும் தெரியாது. சொத்துப் பிரிக்கும்போது ஒரு தம்பி பாகம் போட்டால் இன்னொரு தம்பி முதலில் எடுப்பான் என்று நம் பக்கம் ஒரு முறை உண்டல்லவா? எது தன் பங்காக வரும் என்று தெரியாதவன் நேர்மையாகத்தான் பிரிப்பான். ஐந்து வருஷம் பொறுத்திருந்தால், ஜெயித்தவன் இந்த விதிக்கு ஒத்துக்கொண்டிருப்பானா என்பது சந்தேகமே.

பேச்சில் பெரிய சண்டை வந்த இடம் இன்னொன்று. விண்வெளிக்கு அரசுகள் மட்டுமே போகலாம் என்றது சோவியத். அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஏற்கனவே செயற்கைக்கோள் விட்டாயிற்று. முன்பு சொன்ன டெல்ஸ்டாரே தொலைபேசிக் கம்பெனியுடையதுதான். கடைசியில் 6ஆம் பிரிவில் ஒரு சமரசம் வந்தது. தனியார் போகலாம், ஆனால் அவர்களுடைய அரசு அனுமதி கொடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், அவர்கள் செய்வதற்கு அந்த அரசே உலகத்துக்குப் பொறுப்பு. நம் பள்ளியில் படித்த இரண்டு மூன்று பேர் இன்று பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் தனியார் ராக்கெட், செயற்கைக்கோள் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி அரசிடம் ஏன் இத்தனை அனுமதி வாங்குகிறது என்றால், வேர் இங்கே இருக்கிறது.

1967 ஜனவரி 27 அன்று வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ மூன்று ஊரிலும் ஒரே நாளில் கையெழுத்து நடந்தது. ஏன் மூன்று ஊர்? கிழக்கு ஜெர்மனி போன்ற நாடுகளைச் சிலர் அங்கீகரிக்கவில்லை. ஒருவர் வாசலில் நுழைய முடியாதவர் இன்னொருவர் வாசலில் கையெழுத்துப் போடலாம் என்பதற்காக. வெள்ளை மாளிகை விழாவுக்கு நீல் ஆம்ஸ்ட்ராங் உள்பட ஐந்து விண்வெளி வீரர்கள் வந்திருந்தார்கள். விண்வெளி வீரர்கள் மனிதகுலத்தின் தூதர்கள் என்று அந்த ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அதே மாலை புளோரிடாவில் ஏவுதளத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்த அப்போலோ-1 கலத்துக்குள் தீப்பிடித்து, கிரிசம், ஒயிட், சாஃபி மூவரும் கருகினார்கள். விழாவுக்குப் போன ஐவரும் தங்கும் விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் செய்தி கேட்டார்கள். ஏப்ரலில் சோவியத் வீரர் கோமரோவ் தரையிறங்கும்போது இறந்தார். வீரர்களை மீட்டுத் திருப்பி அனுப்பும் உடன்பாடு அந்த வருஷ டிசம்பரிலேயே ஐ.நா.வில் நிறைவேறியது.

ஒப்பந்தம் 1967 அக்டோபர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஸ்புட்னிக் பறந்து பத்து வருஷமும் ஆறு நாளும். மொத்தம் 17 பிரிவு, சில பக்கங்கள்தான். அதில் 2ஆம் பிரிவு ஒற்றை வாக்கியம். நிலவையோ வேறு விண்பொருளையோ உரிமை கொண்டாடியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறெந்த வழியிலோ எந்த நாடும் தனதாக்க முடியாது. நம் ஊரில் இதைப் புறம்போக்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் புறம்போக்குக்கு அரசாங்கம் என்று ஒரு உரிமையாளர் உண்டு. நிலவுக்கு அதுவும் இல்லை. 1969இல் அமெரிக்கர்கள் கொடி நட்டபோது, இது நாட்டின் பெருமைக்கான அடையாளம் மட்டுமே, உரிமை கோரல் அல்ல என்று அவர்கள் நாடாளுமன்றமே சட்டம் எழுதியது. இணையத்தில் நிலவில் ஒரு ஏக்கர் என்று சான்றிதழ் விற்கிறார்களே, அதை வாங்கிக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். சட்டம் போட்டு மாட்டினால் சுவருக்கு அழகு.

எல்லாம் நல்லபடி எழுதிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். 4ஆம் பிரிவை உற்றுப் படியுங்கள். சுற்றுப்பாதையில் அணுகுண்டும் பேரழிவு ஆயுதமும்தான் வைக்கக்கூடாது. சாதாரண ஆயுதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நிலவு முழுக்க அமைதிக்கு மட்டுமே என்று எழுதியவர்கள், பூமிக்கும் நிலவுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்துக்கு அந்தச் சொல்லை எழுதவில்லை. மறந்ததல்ல. இருவருடைய உளவுச் செயற்கைக்கோளும் ஏவுகணையும் போகும் பாதை அது.

விழும் பொருளுக்கு யார் பொறுப்பு என்பதற்கு 1972இல் தனி உடன்படிக்கை வந்தது. பூமியில் சேதம் என்றால் ஏவிய நாடு தவறு செய்ததா இல்லையா என்ற கேள்வியே கிடையாது, நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். 1979 ஜூலை ஞாபகம் இருக்கிறதா, என் வயதுக்காரர்களுக்கு? ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது. நான் அப்போது வேலையில் சேர்ந்த புதிது. சாகப்போகிறோம், இருக்கும் கோழியை அடித்துச் சாப்பிட்டுவிடுவோம் என்று ஒரு வீட்டில் விருந்தே நடந்தது. கடனைத் திருப்பிக் கேட்டவருக்கு ஸ்கைலாப் போன பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. இந்தியா அந்தப் பொறுப்பு உடன்படிக்கையில் சேர்ந்தது 1979 ஜூலை 9. ஸ்கைலாப் விழுந்தது ஜூலை 11. துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. எஸ்பரன்ஸ் ஊராட்சி, குப்பை போட்ட குற்றத்துக்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு எழுதியது. வேடிக்கைக்குத்தான்.

வேடிக்கை இல்லாத ஒன்று அதற்கு முந்தைய வருஷமே நடந்தது. 1978 ஜனவரி 24 அன்று அணு உலையோடு பறந்த சோவியத்தின் காஸ்மாஸ்-954 கனடாவின் வடபகுதியில் சிதறியது. பனிப்பாலையில் கதிரியக்கத் துண்டுகளைப் பொறுக்கிய செலவுக்குக் கனடா 60 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. 1981இல் 30 லட்சம் கனடா டாலருக்குக் கணக்கு முடிந்தது. கேட்டதில் பாதிதான். ஆனாலும் பனிப்போர்க் காலத்தில் ஒரு வல்லரசு காசு எடுத்து வைத்தது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பகுதி என்று தெரிந்தபோது இரு நாடுகளும் பதறாமல் பேசியதற்கும் இந்த ஏடுகள்தான் காரணம். சந்திரயான் இறங்கியதற்கு ஒரு மாதம் முன்புதான் அது. அதைப் பற்றி நம் குழுவில் யாரும் மூச்சு விடவில்லை!

கடைசியாக, இன்னும் முடியாத விஷயம். நிலம் யாருக்கும் சொந்தமில்லை, சரி. அங்கே தோண்டியெடுக்கும் பனிக்கட்டியும் தாதுவும் யாருக்கு? 1967 ஒப்பந்தம் அதை நேராகச் சொல்லவில்லை. 1979ஆம் ஆண்டு நிலவு உடன்படிக்கை, நிலவும் அதன் வளமும் மனிதகுலத்தின் பொதுச்சொத்து, எடுப்பதற்கு ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்றது. வல்லரசு ஒன்றுகூடச் சேரவில்லை. 2015இல் அமெரிக்கா தன் கம்பெனிகள் தோண்டியெடுப்பது அவர்களுக்கே சொந்தம் என்று உள்நாட்டுச் சட்டம் போட்டது. மீன் பிடிப்பவனுக்கு மீன் சொந்தம், கடல் சொந்தமல்ல என்பது அவர்கள் வாதம். மீன் மறுபடி குஞ்சு பொரிக்கும், தென்துருவப் பள்ளத்தில் உறைந்த பனி பொரிக்காது என்பது என் சந்தேகம்.

இந்தியா 1967 மார்ச் 3 அன்று விண்வெளி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1982 ஜனவரி 18 அன்று அதை உறுதிசெய்தது. அதே 1982 ஜனவரி 18 அன்று நிலவு உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. 2023 ஜூன் 21 அன்று, வளங்களை எடுப்பது உரிமை கொண்டாடுவதாகாது என்று சொல்லும் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டிருக்கிறது. பொதுச்சொத்து என்ற ஏட்டிலும் நம் கையெழுத்து, எடுத்தவனுக்குச் சொந்தம் என்ற பக்கம் சாயும் ஏட்டிலும் நம் கையெழுத்து. இரண்டையும் சேர்த்து எப்படிப் படிப்பது? வழக்கறிஞர்களாக இருக்கும் என் பழைய மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வெறும் கைகூப்பு பொம்மையைப் போட்டுவிட்டுப் போகாமல், கீழே பதில் எழுதுங்கள்.